சராசரியில் மறையும் ஒருவர்

மனிதர்களைப் பற்றி அறிந்திருப்பதும் ஒரு மனிதரை அறிந்திருப்பதும் ஒன்றுதானா? இக்கேள்வி பழமையானது. ஆயினும் நமது காலத்தில் அது புதிய கூர்மை பெற்றிருக்கிறது. ஏனெனில் மனிதர்களைப் பற்றிய எண்கள் இன்று பெருகியிருப்பதுபோல் முன்னெப்போதும் பெருகியிருந்ததில்லை.

மணலியையே எடுத்துக்கொள்வோம். 1969ஆம் ஆண்டு இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் உர ஆலையும் வேதிப்பொருள் ஆலைகளும் அணிவகுத்து வந்தன. வேலை வந்தது, வேலையோடு புகையும் வந்தது. 2009ஆம் ஆண்டு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளை ஆராய்ந்து ஒவ்வொன்றுக்கும் மாசுக் குறியீட்டெண் ஒன்றை வழங்கியது. எழுபதுக்கு மேற்பட்டவை மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று வகுக்கப்பட்டன. மணலிக்குக் கிடைத்த எண் 76.32. அதே ஆண்டில் காற்றின் தரத்திற்கான தேசிய அளவுகோல்களும் திருத்தப்பட்டன. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

இந்த எண்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இவை இல்லாவிடில் மணலியின் காற்றைப் பற்றி வாதாடுவதற்கு நம் கையில் சான்றே இராது. ஆனால் 76.32 என்ற எண்ணை மூச்சாக இழுப்பவர் எவரும் இல்லை. மூச்சு விடுபவர் ஒவ்வொருவரும் தம் தெருவில், தம் நேரத்தில், தம் நெஞ்சுக்கூட்டின் வலிமைக்கு ஏற்பவே மூச்சு விடுகின்றனர். அவரை அந்த எண் நமக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

இதற்கு மெய்யியலாரும் இறையியலாரும் தந்த விடைகளுக்குச் செல்லுமுன், ஓர் அறிவியல் கருவியிடம் சற்றே பாடம் கேட்போம். உலோகத்தின் மிக நுண்ணிய துகளை, அது சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு, ஒவ்வொன்றாகக் காணும் நுண்ணோக்கிதான் அது. கூட்டத்தையும் ஒருவரையும் குறித்து நமக்குள்ள அதே சிக்கலை அறிவியலாளர் துகள்களின் உலகில் சந்தித்திருக்கின்றனர். நூறாண்டுகளுக்கும் மேலாக அதனோடு போராடியும் வந்திருக்கின்றனர்.

ஒளி சிதறுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஓட்டு வீட்டின் கூரைத் துளை வழியே வெயில் இறங்கும்போது அந்தக் கற்றையில் தூசிகள் மிதப்பதைப் பார்க்காத குழந்தை இல்லை. அறை முழுவதும் ஒளி நிறைந்திருக்கையில் அதே தூசி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அறை இருண்டிருந்து ஒரு கற்றை மட்டும் பக்கவாட்டில் பாயும்போதே தூசி மின்னுகிறது. கடலின் நீலமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். நமது சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன் 1921இல் கப்பற்பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். கடல் வானத்தைப் பிரதிபலிப்பதால் மட்டுமே நீலமாயிருக்கிறது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அத்தேடலே 1928இன் கண்டுபிடிப்புக்கும் 1930இன் நோபல் பரிசுக்கும் அவரை இட்டுச் சென்றது.

உலோகத் துகள்களின் கதையோ நம் ஆலயங்களோடு உறவுடையது. ஐரோப்பியப் பேராலயங்களின் பழைய சாளரக் கண்ணாடிகளில் நாம் காணும் சிவப்பு பலவற்றில் செம்பின் நுண்துகள்களால் உண்டானது. பிற்காலத்தில் தங்கத்தைக் கலந்து மாணிக்கச் சிவப்புக் கண்ணாடி செய்தனர். மஞ்சள் நிறத் தங்கம் ஏன் சிவப்பைத் தருகிறது? 1857இல் மைக்கேல் பாரடே நீரில் தங்கத்தை மிக நுண்மையாகப் பிரித்துச் சிவப்பு நீர்மம் செய்தார். அதனுள் ஒளிக்கற்றையைச் செலுத்தியபோது கற்றையின் பாதை தெரிந்தது. ஆகவே இது வெறும் கரைசல் அன்று, தங்கம் துகள்களாகவே மிதக்கிறது என்று அவர் உணர்ந்தார். ஆனால் அத்துகள்களில் ஒன்றையேனும் அவரால் காண முடியவில்லை.

காண முடியாமைக்குக் காரணம் உண்டு. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்குக் கீழே உள்ள நுட்பங்களைச் சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது என்று 1873இல் எர்ன்ஸ்ட் ஆபே விளக்கினார். தங்கத் துகளோ 50 நானோமீட்டர், சில வேளை அதனினும் சிறிது. ஆயிரத்தைந்நூறு துகள்களை வரிசையாக அடுக்கினாலும் ஒரு தலைமயிரின் பருமனே வரும். எனவே பாரடேயின் குப்பியில் தெரிந்த சிவப்பு, எண்ணற்ற கோடித் துகள்கள் சேர்ந்து தந்த பொது நிறம். தனித்துகள் ஒன்று எப்படி இருந்தது என்று அந்தச் சிவப்பால் சொல்ல முடியாது.

1902, 1903ஆம் ஆண்டுகளில் ரிச்சர்டு சிக்மாண்டியும் ஹென்றி சீடன்டாப்பும் ஜெர்மனியின் யேனா நகரில் வழி கண்டனர். அவர்கள் முதலில் ஆராய்ந்தவற்றுள் தங்கம் கலந்த சிவப்புக் கண்ணாடியும் ஒன்று. துகளின் வழியாக ஒளியைக் கண்ணுக்கு நேரே செலுத்தாமல், வலுவான ஒளியைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சினர். நேரொளி கண்ணை வந்தடையவில்லை. துகளில் பட்டுச் சிதறிய ஒளி மட்டுமே வந்தது. இருண்ட பின்னணியில் துகள்கள் இராவானத்து விண்மீன்கள்போல ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சிக்மாண்டிக்கு 1925ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இருட்புல நுண்ணோக்கியும் இம்முறையிலேயே இயங்குகிறது. ஒளி வரும் பாதையின் நடுவே ஒரு தகடு நின்று நேரொளியை மறிக்கிறது. ஓரங்களில் சாய்ந்து வரும் ஒளி மட்டும் துகளைத் தொடுகிறது. அது சிதறடித்தது மட்டும் வில்லைக்குள் நுழைகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துகளின் உருவம் இப்போதும் தெரிவதில்லை. தெரிவது ஓர் ஒளிப்புள்ளி. தன்மேல் பட்ட ஒளிக்கு அது தரும் மறுமொழியே நம்மை வந்தடைகிறது. ஆனால் அந்த மறுமொழியில் செய்தி நிறைந்திருக்கிறது. உலோகத்திலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் தாளத்திற்கேற்ப ஒன்றாய் அசைகின்றன. எந்தத் தாளத்திற்கு மிகுதியாக அசையும் என்பது துகளின் பருமனையும் வடிவத்தையும் உலோகத்தையும் சுற்றுப்புறத்தையும் பொறுத்தது. ஆகவே 50 நானோமீட்டர் தங்க உருண்டை பச்சையாய் ஒளிர்கிறது. வெள்ளி உருண்டை நீலமாய் ஒளிர்கிறது. நீண்ட தங்கத் தண்டு சிவப்பாய்த் தெரிகிறது. குப்பியில் சிவப்பாய்த் தெரிந்த நீர்மத்தின் தனித்துகள் பச்சையாய் மின்னுவது வியப்பன்று. துகள்கள் பச்சை ஒளியைப் பிடித்துக்கொள்வதால் ஊடுருவி வரும் மிச்ச ஒளி சிவப்பாகிறது; பிடித்ததில் ஒரு பகுதியைத்தான் அவை பச்சையாய்த் திருப்பி அனுப்புகின்றன.

தனித்துகளைக் கண்டதால் என்ன பயன்? குப்பியிலுள்ள துகள்கள் அனைத்தின் நிறமாலையையும் ஒன்றாக அளந்தால் அகன்ற ஒரே மேடு கிடைக்கும். தனித்தனியே அளந்தால் ஒவ்வொன்றுக்கும் குறுகிய முகடு ஒன்று, தனக்குரிய இடத்தில் கிடைக்கும். மேட்டின் உச்சி பல துகள்களுக்குப் பொருந்தாது. இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. வெள்ளித் துகளில் வெள்ளி வெளியேறித் தங்கம் குடியேறும் ஒரு வேதிவினையைக் கரைசல் முழுவதிலும் பார்த்தால், மாற்றம் மெல்ல மெல்ல, படிப்படியாக நிகழ்வதாகத் தோன்றும். சிதறொளியில் ஒவ்வொரு துகளாகப் பார்த்தபோதோ, ஒவ்வொன்றும் நெடுநேரம் மாறாமலேயே இருந்து, தன் வேளை வந்ததும் சட்டென்று மாறுவது தெரிந்தது. மெல்ல மாறியது கூட்டத்தின் கணக்கு மட்டுமே. மெல்ல மாறிய துகள் என்று அங்கே இருந்ததில்லை.

இவ்வாராய்ச்சி நம் மாநகரிலும் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழுவினர் வெள்ளி, தங்க நுண்துகள்களைக் கொண்டு குடிநீரிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சத்தை நீக்கும் முறையைக் கண்டனர். அது 2007இல் வீட்டு வடிகட்டியாகவும் வந்தது. அதே குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மிகச் சிறிய தங்கத் தண்டுகள் தனித்தனியே எவ்வாறு சுழல்கின்றன என்பதை இருட்புல நுண்ணோக்கியின் வழியே பின்தொடர்ந்திருக்கின்றனர்.

இனி நம் கேள்விக்குத் திரும்புவோம். சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால் அது யாரைப் பற்றியும் சொல்வதில்லை. காற்றின் அளவுகோலிலேயே இதைக் காணலாம். 24 மணி நேரச் சராசரி 60க்குள் அடங்கிவிட்டால் அந்த நாள் நல்ல நாளாகிறது. நள்ளிரவில் இரண்டு மணி நேரம் புகை மண்டியிருந்தாலும் பகலின் கடற்காற்று அதைக் கணக்கில் கரைத்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் வெட்டவெளியில் நின்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கும், இழுப்பு நோயால் எழுந்து உட்கார்ந்த குழந்தைக்கும் அது கரைவதில்லை. ஆண்டில் 98 விழுக்காடு நேரம் வரம்புக்குள் இருந்தால் போதும் என்றும் அதே விதி சொல்கிறது. எஞ்சிய 2 விழுக்காட்டில் ஒருவருடைய முழு வாழ்வும் அடங்கிவிடக்கூடும்.

நிவாரணத்திலும் இதே சிக்கல் எழுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மழைவெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. புயல் நிவாரணமாகக் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் வழங்கப்பட்டது. விரைந்து உதவ வேண்டிய வேளையில் அனைவருக்கும் ஒரே தொகை என்பது நேர்மையான ஏற்பாடுதான். வேறு வழியில் சலுகையும் சிபாரிசும் புகுந்துவிடும். ஆயினும் வீட்டில் நீர் புகுந்தவரும், வீட்டோடு வலையும் படகும் எண்ணெயில் தோய்ந்து தொழிலே இழந்தவரும் ஒரே அளவில் இழக்கவில்லை. சமமாகக் கொடுத்தாயிற்று என்பதனாலேயே நீதி செய்தாயிற்று என்று நாம் கதவை அடைத்துவிட முடியாது.

திருச்சபையின் சிந்தனையாளர் இச்சிக்கலை இறைவனைப் பற்றிய கேள்வியாகவே எழுப்பினர். இறைவன் பொதுமையை மட்டும் அறிகிறாரா, ஒவ்வொன்றையும் அறிகிறாரா? பொதுக் காரணங்களை அறிவதன் வழியாகவே இறைவன் தனிப்பொருள்களை அறிகிறார் என்று கருதிய மெய்யியலார் இருந்தனர். கோள்களின் ஓட்டம் முழுவதையும் அறிந்த வானியலார் வருங்காலக் கிரகணங்களை எல்லாம் கணித்துச் சொல்வதுபோல என்று அவர்களுடைய நிலையை விளக்கலாம். புனித அக்குவினா தோமா தமது இறையியல் தொகுப்பின் முதற்பகுதி, 14ஆம் வினாவில் இதை மறுக்கிறார். அவ்வாறு கணிப்பவர் கிரகணங்களின் பொது விதியை அறிகிறாரேயன்றி, இன்று இங்கே நிகழும் இந்தக் கிரகணத்தை அறிவதில்லை. தனிப்பொருளை அறிவது நமக்கே ஒரு நிறைவு என்றால் அந்நிறைவு இறைவனிடம் குறைந்திருக்க முடியாது. பருப்பொருளையும் படைத்தவர் அவரே. ஆகையால் அவர் படைப்பு எட்டும் இடமெல்லாம் அவர் அறிவும் எட்டுகிறது. 1993இல் அருளாளராக உயர்த்தப்பட்ட பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ் இன்னும் ஓர் அடி முன்சென்றார். ஒவ்வொரு பொருளுக்கும், வேறெதற்கும் இல்லாத ‘இதுவாம் தன்மை’ ஒன்று உண்டு என்றார். பொது இயல்பை விளக்கி முடித்த பின்னும் எஞ்சி நிற்பது அதுவே.

இது பள்ளிக்கூட வாதம் மட்டும் அன்று. யோவான் நற்செய்தியில் கயபா ஒரு கணக்குப் போடுகிறார். இனம் முழுவதையும் காக்க ஒரே ஒருவரை இழப்பது இலாபம் என்பது அக்கணக்கு. எண்ணிக்கையின்படி அதில் பிழையே இல்லை. அக்கணக்கில்தான் நம் ஆண்டவர் சிலுவைக்குப் போனார். வளர்ச்சிக்காக யாரேனும் சிலர் இழப்பைச் சுமக்கத்தான் வேண்டும் என்று நாம் எளிதாகச் சொல்லும்போது, அந்தச் சிலர் யாரென்று ஒருமுறையேனும் முகம் பார்த்துச் சொல்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு நேரெதிரான காட்சி லூக்கா நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் உள்ளது. கூட்டம் இயேசுவை நெருக்கித் தள்ளுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஒருவர் பின்னாலிருந்து அவரது ஆடையின் ஓரத்தைத் தொடுகிறார். தம்மைத் தொட்டவர் யாரென்று இயேசு கேட்கிறார். எல்லாரும்தான் நெருக்குகிறார்கள் என்று பேதுரு மறுமொழி சொல்கிறார். பேதுருவின் விடை சராசரியின் விடை, அது உண்மையும்கூட. இயேசுவோ எல்லாருடைய நெருக்குதலையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு தொடுகையைத் தேடி நிற்கிறார். அப்பெண் நலம் பெற்றுவிட்ட பின்னரும் அவர் நகரவில்லை. நலம் பெற்றவருள் ஒருவராக அவரைக் கணக்கில் சேர்ப்பதோடு அவர் நிறைவடையவில்லை. அப்பெண் முன்வந்து தம் கதையைச் சொல்லும்வரை காத்திருந்து, மகளே என்று அழைக்கிறார்.

இருட்புல நுண்ணோக்கியும் இதைப்போன்றே ஒரு துறவைக் கேட்கிறது. நேரொளியை மறித்தாலொழியத் துகள் தெரியாது. நாம் பிறரைப் பார்க்கையில் கண்ணைக் கூசவைக்கும் நேரொளிகள் பல உண்டு. ‘குப்பத்து மக்கள் இப்படித்தான்’, ‘வடசென்னைக்காரர் அப்படித்தான்’, ‘வடநாட்டிலிருந்து வந்த கூலிகள் இன்னார்தான்’ என்னும் பொதுத் தீர்ப்புகள் அவ்வகையின. அவை மிகுந்த வெளிச்சத்தோடு இருப்பதால் எல்லாம் விளங்கிவிட்டதுபோல் தோன்றும். அந்த வெளிச்சத்தில்தான் ஒருவர் மறைந்து போகிறார்.

சிறியவரைக் காண்பது எவ்வளவு கடினம் என்பதையும் இயற்பியல் சொல்கிறது. இத்தகைய துகள் சிதறடிக்கும் ஒளி அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. துகள் பாதியாகச் சிறுத்தால் ஒளி பாதியாகக் குறைவதில்லை; 64இல் ஒரு பங்காகிவிடுகிறது. மனித வாழ்விலும் இதை ஒத்தது நிகழ்கிறது. வசதி படைத்தவரில் பாதி வசதி உடையவரின் குரல் பாதியளவு கேட்பதில்லை; அறவே கேட்பதில்லை. ஆகவே எல்லாரையும் ஒரே கவனத்தோடு பார்க்கிறோம் என்று சொல்வது போதாது. சிறியவரிடம் பன்மடங்கு கவனம் செலுத்தினால்தான் அவர் கண்ணுக்கே தெரிவார். ஏழைகளுக்கு முன்னுரிமை என்று திருச்சபை சொல்வதைச் சலுகை என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

கண்ட பின்னும் பணிவு தேவை. துகளின் உள்ளே நாம் நுழைந்துவிடவில்லை. அதன் ஒளிதான் நம்மை வந்தடைந்தது. மனிதருக்கு இது இன்னும் பொருந்தும். ஒப்புரவு அருட்சாதனத்தைத் திருச்சபை ஒவ்வொருவராகவே நிறைவேற்றுமாறு பணிக்கிறது. பொது மன்னிப்பு பெரும் தேவையில் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. அந்த இருக்கையில் அமர்வோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. எதிரே முழந்தாளிடுபவர் சொல்வதைக் கேட்கிறோம். அவரது உள்ளத்தின் ஆழத்தை இறைவனுக்கு விட்டுவிடுகிறோம். பங்கு மக்கள் மெல்ல மெல்ல மனம் மாறுகிறார்கள் என்று நாம் அறிக்கை எழுதுகிறோம். வெள்ளித் துகளைப்போல, ஒவ்வொருவரும் தம் வேளையில்தான் திரும்புகின்றனர். அவ்வேளையில் அருகே ஒருவர் இருந்தாரா என்பதை அறிக்கை கேட்பதில்லை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். ஆயிரக்கணக்கான குடும்பங்களையும் ஒவ்வொருவராக அறிவது மனிதரால் ஆகுமா? தலைமயிர்களை எல்லாம் எண்ணி வைத்திருப்பது இறைவனால் ஆகும்; நம்மால் ஆகாது. மேலும் ஒருவருடைய கண்ணீரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கண்ணில் படாத நூறு பேருக்கு அநீதி நேரும். சராசரியை வெறுப்பவர் சட்டத்தையும் திட்டத்தையும் வெறுக்க நேரிடும். இம்மறுப்பை நாம் முழுமையாக ஏற்கிறோம்.

துகள்களை ஆராய்வோரும் கரைசலிலுள்ள அத்தனை துகள்களையும் பார்ப்பதில்லை. சில நூறு துகள்களையே பொறுமையோடு பார்க்கின்றனர். அதைக்கொண்டு சராசரியைத் தூக்கி எறிவதும் இல்லை. சராசரிக்குள் எத்தனை வேறுபாடுகள் ஒளிந்திருக்கின்றன என்று அறிந்து அதைத் திருத்துகின்றனர். நமது கடமையும் அதுவே. எல்லாரையும் அறிவது நம்மிடம் கேட்கப்படவில்லை. நம்முன் நிற்பவரிடம் சராசரியைச் சொல்லி அனுப்பிவிடாமல் இருப்பதே நம்மிடம் கேட்கப்படுகிறது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுச் சென்ற ஆயர், நூறு ஆடுகள் இருந்தன என்ற கணக்கைச் சரியாக வைத்திருந்தமையால்தான் ஒன்று குறைந்ததை அறிந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். எண்ணிக்கை அவரைத் தேடலுக்கு அனுப்பியது. தேடாமல் இருக்கச் சாக்காகவில்லை.

இதற்கு நம் பங்குகளில் வழியில்லாமல் இல்லை. அன்பியங்கள் உள்ளன, இருபது முப்பது குடும்பங்கள் கொண்ட ஒரு வட்டத்தில் எவரும் எண்ணாகிவிட வேண்டியதில்லை. வின்சென்ட் தே பவுல் சபையார் இருவர் இருவராக வீடுகளுக்குச் செல்லும் வழக்கம் இருக்கிறது. மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளின் அன்பியங்கள் தத்தம் தெருவில் யாருக்கு மூச்சுத்திணறல், எந்த நாளில், எந்த மணிக்கு நெடி வந்தது, அன்று யார் மருத்துவமனைக்குப் போனார் என்று ஒரு நோட்டில் குறித்து வரலாம். செபக் கூட்டத்தின் முடிவில் ஐந்து நிமிடம் போதும். ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால் அதிகாரிகளிடம் பேசும்போது நாம் வெறும் கோபத்தோடு போக வேண்டியதில்லை. நாளும் மணியும் சொல்லிக் கேட்கலாம். அந்த நோட்டிலிருந்தும் ஒருநாள் ஒரு சராசரி பிறக்கும். ஆனால் அது முகங்களைப் பார்த்த பின் எழுதப்பட்ட சராசரியாக இருக்கும்.